சொல்லியாச்சு

எதிர்வீட்டில் பேய் இருக்கிறது என்று இந்தக் கட்டடத்தில் முதன்முதலில் சொன்னது நான்தான். மேல்மாடி மருந்துக்கடைக்காரர் மனைவி அந்தப் பெருமையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளப் பார்க்கிறாள். அவளுக்கே நான் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது சொன்னதுதான். அவள் அதில் ஒரு வெள்ளைப் புடவையைச் சேர்த்துவிட்டாள். வெள்ளைப் புடவையெல்லாம் கிடையாது. எங்கள் பேய்க்கு இருந்தது ஒரு பழைய கம்ப்யூட்டரும் நாலு 'பீப்' சத்தமும்தான்.

அந்தப் பேய் யார் என்று முதலில் தெரிந்ததும் எனக்குத்தான். அதை மட்டும் நான் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. பிறந்ததிலிருந்து நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு விஷயத்தில்தான். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள்.

எதிர்வீட்டுக்காரர் ஆபீஸ் ஆபீசாகப் போய் பிரிண்டர் ரிப்பேர் பண்ணுகிறவர். கட்டடத்துக்கே அவர் பிரிண்டர்காரர். விரல் நகத்தில் எப்போதும் கறுப்பு மை இருக்கும். ஆள் பேச்சில் கஞ்சன். ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்லுவார். அவர் மனைவி ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்கு எதையும் நாலு தடவை சொல்ல வேண்டும், அதுவும் நாலு பேர் சொல்ல வேண்டும். இப்படி ஒரு ஜோடி. கதவு வழியாகத் தினமும் எனக்குக் கேட்கிற சண்டை ஒரே மாதிரிதான் முடியும். "சொல்லியாச்சு. அப்புறம் உன் இஷ்டம்" என்பார் அவர். அக்கா தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவாள்.

ஒருநாள் ஏதோ ஒரு ஆபீசில் தூக்கிப் போட்ட கம்ப்யூட்டரை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். மஞ்சளாகிப்போன தகரப் பெட்டி. பக்கத்து மூடி இல்லை. திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. அதில் இரண்டு ஒயரைச் சொருகி உள்ளறை ஜன்னலுக்குக் கீழே வைத்தார். இனிமேல் வீட்டு இன்டர்நெட் எல்லாம் இது வழியாகத்தான் என்றார். நான் சும்மா இருப்பேனா? போய் நின்று விசாரித்தேன்.

"ஒரு ஒயர்ல வெளியில இருந்து லைன் உள்ள வரும். இன்னொண்ணுல வீட்டுக்குள்ள போகும். நடுவுல இது வாட்ச்மேன் மாதிரி உக்காந்திருக்கும். யாரை விடணும், எப்ப விடணும்னு இதுதான் முடிவு பண்ணும்."

"அதுக்குக் கடையில உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி விக்குதே அண்ணே?"

"அது, அதைச் செஞ்சவன் சொன்னதைக் கேக்கும். இது நான் சொல்றதைக் கேக்கும்."

"ஆமா, வீட்டுல வேற யாரும் கேக்குறதில்ல பாரு" என்றாள் அக்கா, வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டே.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்த ஜன்னலுக்குக் கீழேதான் அவளுடைய நூல் அலமாரி இருந்தது. நிறம் நிறமாக எழுபது எண்பது நூல்கண்டு. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால்தான் துணிக்கும் நூலுக்கும் நிறம் சேர்கிறதா என்று தெரியும். அதைத் தூக்கி பால்கனியில் போட்டுவிட்டு அந்த இடத்தில் இந்தப் பெட்டியை வைத்துவிட்டார். அன்றைக்கு அக்கா ஒரு சபதம் போட்டாள். "இது எனக்குச் சக்களத்தி. இதை நான் கையால தொட மாட்டேன். இதுக்குள்ள என்ன வந்தாலும் கண்ணால பாக்க மாட்டேன்." அக்கா சொன்னால் சொன்னதுதான். மகள் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டைக்கூட ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டால் மட்டும், அதுவும் அவர் எடுத்து நீட்டினால்தான் பார்ப்பாள்.

இப்போது என் குட்டு. அந்த லைனை நானும் எடுத்துக்கொண்டிருந்தேன். பாஸ்வேர்ட் எப்படித் தெரியும் என்கிறீர்களா? மகளுக்கு ஃபோனில் அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். மகளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து நின்று, "அடுத்தவங்க லைனைத் திருடிப் படம் பாக்குறவங்களுக்கு வெக்கம் இருக்கா?" என்று கேட்டவளும் நான்தான். கீழ்வீட்டு டிரைவரைக் குத்துவதற்காகக் கேட்டது. பிரிண்டர்காரரும் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனுஷர், ஆமோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. குரல் போய்விட்டது. ஏற்கனவே கஞ்சன், இப்போது கதவையே சாத்தியாகிவிட்டது. கடைசி மூன்று மாதம் அவர் வேலைக்குப் போகவில்லை. அந்தப் பெட்டிக்கு ஒரு திரையும் விசைப்பலகையும் மாட்டி, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தட்டிக்கொண்டே இருந்தார். அக்கா அறைக்குள் வந்தால் திரையை அணைத்துவிடுவார். கடைசி வாரத்தில் மாட்டியதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டார். பிறகு ஒரு மத்தியானம், அக்கா பக்கத்து அறையில் தைத்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

"என்கிட்ட ஒரு வரி எழுதிக் காட்டலடி" என்று அழுதாள் அக்கா. "மூணு மாசம் அவகூடவே உக்காந்திருந்தார். எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லையா அந்த மனுஷனுக்கு?"

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. அதைத்தான் அவள் ஒவ்வொரு நாளும் துணியோடு சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் போன ஆறாம் நாள். காலை பத்து மணி. நான் ஃபோனில் ஒருத்தி எலுமிச்சம்பழத்தால் குழாய் கறை எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் நின்றது. வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது. கறுப்பு எழுத்தில் ஏழெட்டு வரி, கீழே ஒரே ஒரு பட்டன். பட்டனில் 'சொல்லியாச்சு' என்று எழுதியிருந்தது. முன்பின் தெரியாத பக்கம் வந்தால் படிக்காதே, மூடு என்று என் வீட்டுக்காரர் சொல்லி வைத்திருக்கிறார். மூட வழியில்லை. பட்டனை அமுக்கினேன். எலுமிச்சம்பழம் திரும்பி வந்தது.

மறுநாள் அதே பத்து மணிக்கு மறுபடியும் வந்தது. இந்தத் தடவை ஒரே வரி. 'கேஸ் ட்யூப் பழசாகிவிட்டது. மாற்று.' கீழே சொல்லியாச்சு.

அடுத்த நாள்: 'நீல நூல் வாங்கும்போது கடை விளக்கில் பார்க்காதே. வாசலுக்குக் கொண்டுவந்து பார்.'

நீல நூலைப் படித்ததும் எனக்குக் கையிலிருந்த ரோமம் எழுந்து நின்றது. அவர்தான். புதைத்து எட்டு நாள் ஆன மனுஷன் என் உள்ளங்கையில் வந்து பேசுகிறார். 'சொல்லியாச்சு' என்று முடிக்கிறார், உயிரோடு இருந்தபோது முடித்த மாதிரியே.

ஆனால் நான் முட்டாள் இல்லை. வீட்டு லைனில் வருகிறதென்றால் அக்காவுக்கும் வரும். எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அவள் சபதத்தை விட்டுவிட்டு டேப்லெட்டில் பார்க்கிறாள், சொல்லிக்கொள்ள மாட்டேன் என்கிறாள், அழுத்தக்காரி என்று முடிவு கட்டினேன். நானாகப் போய்க் கேட்கலாம். கேட்டால், உனக்கு எப்படித் தெரியும் என்பாள். கூட்டத்தில் நான் பேசிய பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. பட்டனை அமுக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அப்படியே மாதக்கணக்கில் ஓடியது. குடை எங்கே இருக்கிறது, பீரோ சாவி எந்தப் பழைய ஷூவுக்குள் கிடக்கிறது, எந்தத் துணிக்கடைக்காரன் அளவில் ஏமாற்றுவான் என்று தினமும் ஒன்று. ஒருநாள், 'பின் ஜன்னல் கொக்கி தேய்ந்துவிட்டது. மழைக்கு முன்னால் மாற்று' என்று வந்தது. பத்து நாள் கழித்துப் பெரிய மழை. கொக்கி பிடுங்கிக்கொண்டது. ஒரு கல்யாண மண்டபத்துக்காகத் தைத்து மடித்து வைத்திருந்த இருபத்திரண்டு திரையும் தண்ணீரில் ஊறிப்போனது. அக்காவோடு உட்கார்ந்து நானும் பிழிந்தேன். அவர்தான் தெளிவாகச் சொன்னாரே, இந்தம்மா கேட்டால்தானே என்று மனசுக்குள் உச்சுக்கொட்டிக்கொண்டே பிழிந்தேன்.

அக்காவின் தையல் மெஷின் சத்தம் எனக்கு அத்துப்படி. எங்கள் கூடத்தில் உட்கார்ந்தால் காலையிலிருந்து கேட்கும். கொஞ்ச நாளாகப் பத்து மணிக்கு அந்தச் சத்தம் டக்கென்று நிற்கிறது என்பதைக் கவனித்தேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு மறுபடியும் ஆரம்பிக்கும், ஆனால் கோணல்மாணலாக. காரணம் தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. போய்க் கேட்டேன்.

அக்கா கதவைச் சாத்திவிட்டு, பெட்டி இருக்கிற அறையைக் கண்ணால் காட்டினாள்.

"தினம் பத்து மணிக்கு அது கூப்பிடுதுடி. பீப் பீப் பீப்னு மூணு தடவை. அவர் உயிரோட இருக்கும்போது அது ஒருநாள்கூட இப்படிக் கத்தினதில்ல."

"மெஷினுன்னா கத்தத்தானே செய்யும் அக்கா."

"கத்தட்டும். அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு நீளமா ஒண்ணு வரும். பீஈஈப்னு. யாரோ 'ம்'னு பதில் சொல்ற மாதிரி." என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் ஐஸ் மாதிரி இருந்தது. "மூணு அவர் கூப்பிடுறது. நீளமா வர்றது யாருடி? நான் பதில் சொல்லலையே. இந்த வீட்டுல நான் ஒருத்திதானே இருக்கேன்?"

பயத்தோடு பயமாக, நல்ல செய்தி ஒன்று கிடைத்த சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்வானேன். அன்று சாயங்காலத்துக்குள் ஐந்து வீட்டுக்குச் சொல்லிவிட்டேன். வெள்ளைப் புடவை அதற்கப்புறம் வந்தது.

நேரில் கேட்டால்தானே நாலு பேரிடம் சரியாகச் சொல்ல முடியும்? மறுநாள் ஒன்பதே முக்காலுக்கே போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவள் ஒரு திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். பத்து மணி. உள்ளறையிலிருந்து பீப், பீப், பீப். தையல் மெஷின் நின்றது. அதே நேரம் என் மடியில் ஃபோன் ஒருமுறை அதிர்ந்தது. எட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பக்கம்.

அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி அமுக்குவது? ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். இருவரும் காத்திருந்தோம். ஐந்து நிமிஷம் ஆனது. பத்து நிமிஷம் ஆனது. பெட்டியின் காற்றாடி மட்டும் சளி கட்டிய நெஞ்சு மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது.

"இன்னைக்குப் பதிலைக் காணோமே" என்றாள் அக்கா, மெதுவாக.

அப்போது கூட எனக்கு உறைக்கவில்லை. குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு செய்தியைப் படித்தேன். 'உன் தையல் சத்தம் கேட்டால்தான் எனக்குப் பகலில் தூக்கம் வரும். நின்றால் விழித்துக்கொள்வேன். உன்னிடம் சொன்னதில்லை.' படித்துவிட்டுப் பட்டனை அமுக்கினேன்.

பீஈஈஈப்.

"கேட்டியாடி?" என்று அக்கா வெளியிலிருந்து கத்தினாள். "கேட்டியா?"

குளியலறைக் கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. வெளுத்துப்போய், கண் பிதுங்கி, வாய் திறந்தபடி. அந்த வீட்டுப் பேயை நான் அப்போதுதான் முதன்முதலில் நேரில் பார்த்தேன்.

வெளியே வந்து கேட்டேன். "அக்கா, அந்த டேப்லெட்ல உங்களுக்கு ஏதாவது எழுத்து கிழுத்து வருதா?"

"அதை நான் எதுக்குடி பாக்கப்போறேன்? அவர் போனப்புறம் அது பீரோ மேல கிடக்கு. மகளே எதிர்வீட்டு ஃபோனுக்குத்தானே கூப்பிடுறா. உன் ஃபோனுக்கு."

உண்மைதான். என் ஃபோனுக்குத்தான் கூப்பிடுகிறாள். ஆக, கேஸ் ட்யூபும் நீல நூலும் ஜன்னல் கொக்கியும் அக்காவிடம் போய்ச் சேரவே இல்லை. எல்லாவற்றையும் நான்தான் ஒன்றுவிடாமல் தின்றிருக்கிறேன். இருபத்திரண்டு திரை நனைந்ததற்கும் நானே காரணம்.

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கூட்டம் ஞாபகம் வந்தது, கீழ்வீட்டு டிரைவர் முகம் ஞாபகம் வந்தது. ஆறு மாதமாகச் செத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படித்தவள் என்று இந்தக் கட்டடம் என்னைப் பற்றி என்ன பேசும்? நான் மற்றவர்களைப் பற்றிப் பேசுவதை வைத்துப் பார்த்தால், அது ரொம்ப நாள் பேசும். அதனால் ஒரு யோசனை பண்ணினேன். இனிமேல் அமுக்காமல் விட்டுவிட்டால் பதில் சத்தம் வராது. பேயும் போய்விடும்.

அதுதான் நான் செய்ததிலேயே பெரிய தப்பு.

பட்டனை அமுக்காவிட்டால் அந்தப் பெட்டி விடுவதில்லை. பத்து மணிக்குக் கூப்பிட்டது, பதினொன்றுக்கு மறுபடி கூப்பிட்டது. பன்னிரண்டுக்கு, ஒன்றுக்கு, விளக்கு வைக்கிற வரைக்கும் மணிக்கு ஒருமுறை மூன்று பீப். என் பக்கம் இன்டர்நெட் அடியோடு போய்விட்டது. அது எனக்கு வேண்டியதுதான். ஆனால் அக்காவுக்கு? முதல் நாள் தையல் நின்று நின்று ஓடியது. மூன்றாம் நாள் ஓடவே இல்லை.

நான்காம் நாள் போய்ப் பார்த்தேன். பெட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். தொடவில்லை, ஒரு முழம் தள்ளித்தான்.

"பதில் சொல்ல ஒருத்தி இருந்தா. அவளும் போயிட்டா போல" என்றாள். "பாரு, எப்படிக் கூப்பிடுறார். குரல் இல்லாத மனுஷன். எனக்கு என்னன்னு பதில் சொல்றதுன்னு தெரியலடி. சக்களத்திக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல."

விஷயம் காதுக்கு எட்டி, அடுத்த நாளே மகள் வந்துவிட்டாள். அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவது, வீட்டைக் காலி பண்ணுவது என்று ஏற்பாடு. கூடவே, பிரிண்டர்காரரோடு வேலை பார்த்த கூட்டாளியையும் வரச் சொல்லியிருந்தாள். லைனை வெட்டி, பெட்டியை எடுத்துப் பழைய இரும்புக்குப் போடுவது அவர் பொறுப்பு. நான் கூப்பிடாமலே போய் நின்றேன். கூடத்தில் அக்காவின் துணிமணி இரண்டு பெட்டியில் அடங்கியிருந்தது. தையல் மெஷினுக்கு மேல் ஒரு போர்வையைப் போர்த்தியிருந்தார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்கு என்னவோ போலிருந்தது, பிணத்துக்குப் போர்த்திய மாதிரி.

"நிறுத்துறதுக்கு முன்னாடி இது எதுக்குக் கத்துதுன்னு பாத்துடுறேன் தங்கச்சி" என்றார் கூட்டாளி. திரையை மாட்டினார், தட்டினார். "அடேங்கப்பா. உங்க வீட்டுக்காரர் வேலையே வேலை. அவர் ஃபோன் அணைஞ்சு அஞ்சு நாள் ஆனதும் தானா ஆரம்பிச்சு, தினம் பத்து மணிக்கு ஒரு செய்தி அனுப்பற மாதிரி வச்சிருக்கார். மூணு பீப்னா செய்தி போயிடுச்சு. நீளமா ஒண்ணுன்னா, படிச்சவங்க பட்டனை அமுக்கிட்டாங்க."

"செய்தியா?" மகள் குனிந்தாள். "யாருக்கு?"

"ஒரே ஒரு ஃபோனுக்குத்தான் போகுது. உங்க டேப்லெட்டுக்கு இல்ல. வானொலின்னு பேர் போட்டிருக்கார்."

அக்கா பெட்டியை நோக்கி ஓரடி வைத்தாள்.

"யார் அது?" அக்காவின் குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை. "வானொலியாம். எவ அவ? செத்தும் தினம் பத்து மணிக்கு அவளுக்குச் செய்தியா?"

"அம்மா, கொஞ்சம் இரு."

"என்னத்த இரு? எனக்கு ஒரு வரி இல்ல. அவளுக்கு எத்தனை?"

கூட்டாளி தயங்கினார். "இருநூத்தி ஆறு போயிருக்கு தங்கச்சி."

"இருநூத்தி ஆறு." அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "வண்டிய வரச்சொல்லு" என்றாள் மகளிடம். "முப்பத்தொரு வருஷம். இந்த வீட்டுல எனக்கு ஒண்ணுமில்ல. ஒரு குண்டூசிகூட வேண்டாம்."

பேசாமல் இருந்திருக்கலாம். வண்டி வந்திருக்கும், அக்கா போயிருப்பாள், பெட்டி இரும்புக்குப் போயிருக்கும். எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பாவம், ஒரு வாய் பேசாத மனுஷன் பேரில் இல்லாத ஒரு பெண்ணை ஏற்றிக் கட்டடம் கொஞ்ச நாள் மென்றிருக்கும். அதையும் அநேகமாக நானே தொடங்கி வைத்திருப்பேன்.

மணி பதினொன்று. பெட்டி கூப்பிட்டது. பீப், பீப், பீப். என் இடுப்பில் ஃபோன் அதிர்ந்தது. அந்த அமைதியில் அது நாலு பேருக்கும் கேட்டது.

"நான்தான் அக்கா" என்றேன். "வானொலி நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ்வேர்டைக் காதில் வாங்கியதிலிருந்து குளியலறை வரைக்கும். என் வாயிலிருந்து ஒரு செய்தி இத்தனை திக்கித் திக்கி வந்து நான் பார்த்ததில்லை. மகள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன். அக்கா பார்க்கவே இல்லை.

கூட்டாளிதான் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "செய்தி பூரா வரிசையா ஒரு ஃபைல்ல இருக்கு. பட்டனை அமுக்கினதும் அந்த வரி தானா அழிஞ்சிடும். ஆனா முதல் நாள் செய்தியை மட்டும் அழியாம விட்டிருக்கார். வாசிக்கவா?"

மகள் தலையாட்டினாள். அவர் வாசித்தார்.

"'எதிர்வீட்டம்மா, பயப்படாதீர்கள். என் லைனை நீங்கள் எடுப்பது எனக்கு முதல் நாளே தெரியும். எடுத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு ஒரு உதவி. தினம் ஒரு செய்தி வரும். என் மனைவி இந்தப் பெட்டியைத் தொட மாட்டாள். காகிதத்தில் எழுதி வைத்தால் ஒரே மூச்சில் படித்துவிட்டு ஒரே மூச்சில் அழுது முடித்துவிடுவாள். மகளிடம் கொடுத்தாலும் அதேதான். நான் சொன்னால் அவள் கேட்கவும் மாட்டாள். வேறு யாராவது சொன்னால் கேட்பாள். உங்கள் காதில் போட்டது இந்தக் கட்டடத்தில் யாருக்கும் போய்ச் சேராமல் இருந்ததில்லை. அவளிடம் போய்ச் சொல்லுங்கள். சொன்னதும் பட்டனை அமுக்குங்கள். அப்போதுதான் அடுத்தது வரும்.'"

சொல்லியாச்சு. அவர் சொல்லி முடித்ததை அல்ல, நான் சொல்லியாச்சா என்பதைத்தான் அந்தப் பட்டன் கேட்டிருக்கிறது. தினமும் பத்து மணிக்கு. நான் தினமும் ஆமாம் என்று அமுக்கியிருக்கிறேன். ஊரில் எல்லார் வீட்டுக் காகிதத்தையும் எட்டிப் பார்க்கிறவள், எனக்கென்று வந்த ஒரே ஒரு கடிதத்தைப் படிக்காமல் விட்டேன்.

"அழிஞ்சது அழிஞ்சதுதானா?" என்று மகள் கேட்டாள்.

"அழிஞ்சதுதான். இனி எங்கயும் இல்ல."

"இருக்கு" என்றேன் நான். "ஒரு வரிகூட மறக்கல."

அப்போதுதான் அக்கா என் பக்கம் திரும்பினாள். என்னைப் பற்றி இந்தக் கட்டடத்தில் என்ன சொன்னாலும், ஞாபகத்தைக் குறை சொன்னவர்கள் இல்லை. எந்த வருஷம், எந்தப் படிக்கட்டில், யார், யாரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள், எழுத்து பிசகாமல் சொல்லுவேன்.

"முதல்ல இன்னைக்கு வந்ததைச் சொல்லு" என்றாள் அக்கா.

ஐந்து நாளாகக் காத்துக்கொண்டிருந்த அந்தச் செய்தியைத் திறந்தேன். நானும் அப்போதுதான் படிக்கிறேன். "'பால்கனியில் கிடக்கும் உன் நூல் அலமாரியைத் துடைத்து ஜன்னலுக்குக் கீழே கொண்டுவந்து வை. அந்த இடம் உன்னுடையதுதான். பெட்டியை அலமாரிக்கு மேலே வைத்துக்கொள். அதற்கும் வெளிச்சம் பிடிக்கும்.'"

அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டாள். "என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற? ஒரு கை பிடி."

அலமாரியை நானும் மகளும் தூக்கி வந்தோம். கூட்டாளி பெட்டியைத் தூக்கப் போனார். "விடுங்க" என்று சொல்லிவிட்டு, அக்கா இரண்டு கையாலும் அதை எடுத்தாள். எடுத்தவள் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். "சூடா இருக்கே" என்றாள். "உள்ளங்கை மாதிரி இருக்கு."

பிறகு என் ஃபோனை வாங்கி, அவளே பட்டனை அமுக்கினாள். நீளமான பீப் அலமாரிக்கு மேலிருந்து வந்தது.

வண்டி வந்தது, காலியாகத் திரும்பிப் போனது. மீதி இருக்கிற செய்தியை எல்லாம் இப்போதே திறந்து காட்டட்டுமா என்று கூட்டாளி கேட்டார். அக்கா கூடாது என்றுவிட்டாள். "அவர் எப்படி வச்சாரோ அப்படியே வரட்டும். இவ வந்து வாசிக்கட்டும். அதுதான் இவளுக்குத் தண்டனை."

அழிந்துபோன அத்தனை செய்தியையும் நான் ஒன்பது நாளில் சொல்லி முடித்தேன். ஜன்னல் கொக்கியைச் சொன்னபோது அக்கா என்னை நூல்கண்டால் அடித்தாள். தையல் சத்தத்தைச் சொன்னபோது எழுந்து போய் மெஷினில் துணியே வைக்காமல் ரொம்ப நேரம் மிதித்தாள். அதற்கப்புறம் தினமும் பத்தடிக்கும்போது நான் எதிர்வீட்டில் இருப்பேன். மூன்று பீப் வரும், நான் வாசிப்பேன், அக்கா அவரோடு சண்டை போட்டுவிட்டுப் பட்டனை அமுக்குவாள். கட்டடத்தில் இப்போது என் பேரே வானொலி. கீழ்வீட்டு டிரைவர் என்னைப் பார்த்தால் காதில் கைவைத்து ரேடியோ குமிழ் மாதிரி திருகிக் காட்டுகிறார். காட்டட்டும்.

போன செவ்வாய்க்கிழமை மூன்று பீப் வந்தது. பக்கம் திறந்தது. வெள்ளை. ஒரு எழுத்து இல்லை. கீழே பட்டன் மட்டும்.

முந்தின நாள் செய்தி, 'நாளைக்குச் சொல்கிறேன்' என்று இருந்தது. அவ்வளவுதான். நாளைக்கு எழுதுவதற்குள் அவருக்குத் தட்டத் தெம்பில்லாமல் போயிருக்கிறது.

அக்கா முகத்தைப் பார்த்தேன். ஏதாவது ஒன்றைச் சொந்தமாகச் சேர்த்துச் சொல்லிவிடலாமா என்று வாய் துறுதுறுத்தது. "'காலுக்கு எண்ணெய் தேச்சுக்கோ'ன்னு..." என்று இழுத்தேன்.

"அவர் அப்படிச் சொல்ல மாட்டார்" என்றாள் அக்கா. சிரித்தாள் என்றுகூடச் சொல்லலாம். "ஒண்ணும் இல்ல, அப்படித்தானே?"

"ஒண்ணும் இல்ல அக்கா."

பெட்டியின் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஊசியில் நீல நூலைக் கோத்து, ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எத்தனை நாள்தான் அவரே சொல்லிக்கிட்டிருப்பார். இன்னைக்கு நீ சொல்லு. கட்டடத்துல என்ன நடக்குதுன்னு அவருக்கும் தெரிய வேணாமா?"

எனக்கென்ன, சொன்னால் போதாதா? நாற்காலியை அலமாரிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மருந்துக்கடைக்காரர் மனைவி தன் மாமியாரோடு போட்ட சண்டையை முதலிலிருந்து எடுத்துவிட்டேன். அக்கா ஓரம் அடித்துக்கொண்டே கேட்டாள். வெள்ளைப் புடவை விஷயத்துக்கு வந்தேன். அப்போது அந்தக் காற்றாடி இழுப்பதை நிறுத்தி, மெல்லிசாக, சத்தமே இல்லாமல் ஓட ஆரம்பித்தது. அது பழைய பெட்டி. சூடு தணிந்தால் அப்படித்தான் ஓடும் என்று கூட்டாளி பிறகு சொன்னார். இருக்கலாம். நான் கதை சொல்லும்போது காது கொடுப்பவர்கள் எப்படி மூச்சை அடக்கிக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும்.

நான் முடித்ததும் அக்கா மெஷினை நிறுத்தினாள். எட்டி என் ஃபோனில் விரலை வைத்தாள்.

"சொல்லியாச்சு" என்றாள், பெட்டியைப் பார்த்து.